பார்த்துக் கொல்வது

ஈட்டியோடு கடலுக்குள் முங்குகிறவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. மத்தியதரைக் கடற்கரைகளிலும் ஃப்ளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவர்கள் சொல்லிவருவது இதுதான்: கடலைக் காலி செய்வது இழுவலை, பழி விழுவது எங்கள் மேல். ஒரே மூச்சில் இறங்கி, இன்ன மீன் என்று கண்ணால் கண்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வருகிறவனைக் கொலைகாரன் என்கிறார்கள். அடிமண்ணோடு வழித்தெடுத்து, வேண்டாததைச் செத்தபின் கடலிலேயே கொட்டுகிறவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே எங்கள் ‘இமேஜை’ச் சரிசெய்தாக வேண்டும்.

குறையில் நியாயம் இருக்கிறது. உலகக் கடல்களில் பிடிபடும் மொத்தத்தில் பொழுதுபோக்கு ஈட்டிக்காரர்களின் பங்கு சொற்பம். பழிக்குக் காரணம் அளவு அல்ல, கொல்கிறவனுக்கு ஒரு முகம் இருப்பது. இழுவலைக்கு முகம் கிடையாது. சந்தையில் பனிக்கட்டி மேல் கிடக்கும் மீனுக்கு யாரால் செத்தோம் என்ற சரித்திரமும் கிடையாது. நம் அறவுணர்ச்சி முகம் தேடிப் போகிற சோம்பேறி. முகம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் ‘நான் பார்த்து, தேர்ந்து கொல்கிறேன்’ என்பது ஒரு தற்காப்பு வாதமா என்பதில் எனக்குச் சந்தேகம். வலை குருடு. அதனிடம் கணக்குக் கேட்கலாம், காரணம் கேட்க முடியாது. தேர்ந்தவனிடம் கேட்கலாம்: ஏன் இந்த மீன்? பதில் பெரும்பாலும் ஒன்றே. பெரிதாக இருந்தது. வாதம் உடைவது இங்கேதான். பல இனங்களில் மீன் பெருக்கப் பெருக்க அது இடும் முட்டைகள் எடையின் விகிதத்தையும் மீறிக் கூடுகின்றன. களவா இனத்தில் பல, பெண்ணாக இருந்து, வளர்ந்து பெரிதான பின்பே ஆணாகின்றன. பாறையிடுக்கின் ஆகப் பெரியதை எடுத்தவன் ‘ஒன்றுதான் எடுத்தேன்’ என்று சொல்வது கணக்கில் சரி, அவ்வளவுதான். கோலியாத் களவா மனிதனைக் கண்டு விலகாது. தன் பொந்துக்கே திரும்பும். ஈட்டியும் தூண்டிலும் அதைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில், 1990இல் அமெரிக்கா அதைப் பிடிப்பதையே தடை செய்தது. 2023இல் ஃப்ளோரிடா சிறிய அளவில் கதவைத் திறந்தபோது அனுமதி தூண்டிலுக்கு மட்டும். தேர்ந்தெடுக்கத் தெரிந்த கருவி வெளியே நிற்கிறது.

சாலமன் தீவுகளில் இரவில் ஆழமில்லாத நீரில் கூட்டமாகத் தூங்கும் பெரிய கிளிமீன்களை டார்ச் வெளிச்சத்தில் குத்துகிறார்கள். அங்கே அது பிழைப்பு, விளையாட்டு அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. இருந்தாலும் ஒன்று தெரிகிறது. பார்ப்பது என்பது தன்னளவில் ஒரு நற்குணம் அல்ல. தூங்குவதையும் பார்க்கத்தான் செய்கிறோம்.

இமேஜ் என்ற சொல்லைப் படிமம் என்று எழுதிப் பழகியவர்கள் நாம். விளம்பரக்காரர்கள் அதே சொல்லால் குறிப்பது வேறொன்றை. முகத்துக்குப் பூசும் பொருளை. ஆனால் ஈட்டிக்காரனுக்கென்று உண்மையிலேயே ஒரு படிமம் இருக்கிறது: செத்த மீனைக் கை நீட்டி காமிராவுக்கு முன்னால் பிடித்துச் சிரிக்கும் புகைப்படம். (கை நீட்டுவது மீன் இன்னும் பெரிதாகத் தெரிய.) கேவலமாக்கியவர்கள் வெளியாட்கள் அல்ல. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டவர்கள் இவர்களே.

பார்வை மாறிய கதைகளும் உண்டு. 1956இல் கான் படவிழாவின் பெரும் பரிசைப் பெற்ற கூஸ்தோவின் ‘மௌன உலக’த்தில், அவர்கள் கப்பலே அடித்த திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களைக் கப்பலாட்கள் மேலே இழுத்துப்போட்டு வெட்டிச் சாய்க்கிறார்கள். இன்று பார்க்கக் கூசுகிறது. ஆஸ்திரேலியாவின் ரான் டெய்லர் 1965இல் டஹிதியில் உலக ஈட்டிமீன் சாம்பியன் ஆனவர். அவர் மனைவி வாலரியும் சாம்பியன். பின்னர் இருவருமே ஈட்டியை விட்டுவிட்டுக் காமிராவோடு இறங்கினார்கள். அதே கடலில் ‘கிரே நர்ஸ்’ என்ற சுறாவை, பல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரே குற்றத்துக்காக ஆள்தின்னி என்று நம்பி, வெடி பொருத்திய ஈட்டியால் கொன்று குவித்திருந்தார்கள். அது சாது. ஈற்றுக்கு இரண்டு குட்டி, அதுவும் ஆண்டுதோறும் அல்ல. 1984இல் நியூ சவுத் வேல்ஸ் அதைச் சட்டத்தால் காத்தது. உலகில் அப்படிக் காக்கப்பட்ட முதல் சுறா அதுதான். ஈட்டிக்காரர்களும் அதைக் கண்ணால் பார்த்தவர்களே. பல்லை மட்டும் பார்த்தார்கள்.

இப்போது சிங்கமீன் வந்திருக்கிறது. இந்துமா கடல், பசிபிக் மீன். நம் மன்னார் வளைகுடாவில் இந்த இனத்துக்குப் பிறந்த வீடு. 1985இல் ஃப்ளோரிடாக் கரையில் முதலில் தென்பட்டது, மீன்தொட்டிகளிலிருந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அட்லாண்டிக்கில் அதைத் தின்ன ஆளில்லை. அது மற்ற குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. தூண்டிலில் எளிதாக அகப்படாது. ஈட்டிதான் வழி. போட்டிகள் வைத்துக் குத்துகிறார்கள். அரசாங்கமே ஊக்குவிக்கிறது. குத்திய இடங்களில் பலனும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூறடி இருநூறடிக்குக் கீழே, முங்குகிறவன் எட்டாத ஆழத்திலும் அது இருக்கிறது. ஈட்டிக்காரனுக்கு ஒரு வழியாகக் குற்றவுணர்ச்சி இல்லாமல் கொல்ல ஒரு மீன் கிடைத்துவிட்டது. அன்னியன் என்ற சொல் எவ்வளவு விஷயங்களைக் கழுவிவிடுகிறது என்பது நமக்குப் புதிதல்ல. மீனைக் கொண்டுபோய் விட்டவன் மனிதன் என்பது போட்டி மேஜையில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் தைரியமாக ஒன்று சொல்கிறேன். இந்தக் காரியத்தில் ஒரு கௌரவம் இருந்தால், அது மூச்சு முட்ட இறங்கி, களவா கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, விசையை அழுத்தாமல் மேலே வரும் கணத்தில்தான் இருக்கிறது. தூண்டில்காரன் கொக்கியைத் தொண்டையில் மாட்டிய பிறகுதான் விடுவதா என்று யோசிக்க முடியும். வலைக்காரனுக்கு அதுவும் இல்லை. ஈட்டிக்காரன் ஒருவனுக்கே தொடுவதற்கு முன்னால் விட்டுவிட முடியும். ஆனால் அப்படி விட்ட மீனைக் கையில் நீட்டிப் படம் எடுத்துக்கொள்ள முடியாது. எடை போட முடியாது. சங்கத்தின் ஆண்டறிக்கையில் எந்தப் பத்தியிலும் அது வராது. அவன் வெறுங்கையோடு கரையேறுகிறான். கரையில் நிற்கிறவன், ‘என்ன, ஒன்றும் அகப்படவில்லையா?’ என்று கேட்கிறான்.