கேட்பவரின் பங்கு

1940 நவம்பர் 26. நெதர்லாந்து ஜெர்மனியின் பிடியில் இருக்கிறது. லெய்டன் பல்கலைக்கழகத்தின் யூதப் பேராசிரியர்களை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அப்படி நீக்கப்பட்ட எடுவார்ட் மெய்யர்ஸ் பாடம் நடத்த வேண்டிய நேரத்தில், அவருடைய முன்னாள் மாணவரும் சட்டத்துறைத் தலைவருமான ருடால்ஃப் கிளெவரிங்கா மேடையேறி, தன் ஆசிரியர் எப்படிப்பட்ட அறிஞர் என்று பேசினார். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். கிளெவரிங்கா சிறைக்குப் போனார். ஜெர்மானியர்கள் பல்கலைக்கழகத்தையே மூடினார்கள்.

அவர் பெயரில் லெய்டனில் ஒரு கௌரவப் பேராசிரியர் இருக்கை உண்டு. 2000 நவம்பரில் அந்த இருக்கையின் உரையை ஆற்றியவர் எகிப்தியரான நஸ்ர் ஹாமித் அபூ ஸைத். தலைப்பு குர்ஆனைப் பற்றியது: கடவுளும் மனிதனும் நடத்தும் தகவல் தொடர்பு. அரபு உலகின் மதம், அரசியல், மோதல் பற்றிய பல்கலைக்கழக உரைகளை நான் விடாமல் கேட்பவன். அப்படிக் கேட்பது சரியா என்ற சந்தேகத்தை எனக்குள் கிளப்பியது இவருடைய வாழ்க்கைதான்.

அபூ ஸைத் 1943ல் டான்டா நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குர்ஆனை மனப்பாடம் செய்தவர். தொழிற்பள்ளியில் படித்து, தகவல் தொடர்புத் துறையில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனாக வேலை பார்த்தவர். பிறகுதான் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் அரபு படித்து, அங்கேயே ஆசிரியரானார். அவர் சிந்தனையின் மையம் என்னைப் போன்ற ஒரு இன்ஜினியருக்குச் சட்டென்று பிடிபடும். வஹீ என்பது ஒரு தகவல் தொடர்பு. அனுப்புபவர் கடவுள், பெறுபவர் மனிதர், நடுவில் இருக்கும் கோட் ஏழாம் நூற்றாண்டு அரபு மொழி. அனுப்பியவரை ஆய்வுக்கூடத்தில் வைக்க முடியாது. ஆனால் மொழியையும், அதைப் பெற்றவர்கள் வாழ்ந்த காலத்தையும் ஆராயாமல் பொருள் சொல்லவும் முடியாது. இவ்வளவையும் சொன்னவர், தான் ஒரு முஸ்லிம் என்பதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

1992ல் முழுப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தார். தேர்வுக் குழுவில் ஒருவர், இவர் எழுத்து மார்க்கத்துக்கு விரோதமானது என்று அறிக்கை கொடுத்தார். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1980களில் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லி மக்களின் சேமிப்பைத் திரட்டிய முதலீட்டு நிறுவனங்களை அபூ ஸைத் கடுமையாக விமர்சித்திருந்தார். அறிக்கை எழுதியவர் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர். வெளியே இருந்து பார்த்தால் மதச் சண்டை. கிட்டே போய்ப் பார்த்தால் பணமும் பதவியும்.

பிறகு விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. மதம் மாறுவதைத் தண்டிக்கும் சட்டம் எகிப்தில் கிடையாது. அதனால் குடும்பச் சட்டத்தைப் பிடித்தார்கள்: இவர் முஸ்லிம் இல்லை, ஆகவே ஒரு முஸ்லிம் பெண்ணின் கணவராக இருக்க முடியாது. மனைவி இப்திஹால் யூனிஸ் அதே பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்தவர். கணவனும் கேட்காத, மனைவியும் கேட்காத மணமுறிவை, சம்பந்தமே இல்லாத சிலர் கேட்டார்கள். 1994ல் முதல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1995 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருமணம் செல்லாது என்றது. எழுத்தாளர் ஃபரஜ் ஃபூதா 1992ல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நகீப் மஹ்ஃபூஸ் 1994ல் கழுத்தில் குத்தப்பட்டிருந்தார். இனி இருந்தால் உயிருக்கே ஆபத்து. தம்பதி நாட்டைவிட்டு வெளியேறி லெய்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

என் சங்கடம் இங்கேதான். கிளெவரிங்கா பேசியது, அந்தப் பேச்சு யாரை உலுக்க வேண்டுமோ அவர்கள் முன்னால். அபூ ஸைத் அதே ஊரில் பேசியபோது, அரங்கில் இருந்த பெரும்பாலோருக்கு அவர் சொல்வதை ஒப்புக்கொள்வதால் எந்த நஷ்டமும் இல்லை. கெய்ரோவில் "நம் வீட்டைச் சரிசெய்வோம்" என்று ஒலிக்கிற வாக்கியம், ஐரோப்பாவில், அதுவும் 2001க்குப் பிறகு, "அவர்கள் வீடு அப்படித்தான்" என்று கேட்கப்படலாம். பேசுபவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பெறுபவர் மாறிவிட்டார். செய்தியின் பொருளில் பெறுபவருக்கும் பங்குண்டு என்பது அவருடைய பாடமேதான்.

உண்மை எங்கே சொன்னாலும் உண்மைதானே என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். விரட்டப்பட்டவரிடம் போய், தூரத்திலிருந்து ஏன் பேசுகிறாய் என்று கேட்பது அநியாயம். அவருக்கு வேறு இடம் எங்கே விட்டுவைத்தார்கள்? கேள்வியைக் கேட்பவர் பக்கம் திருப்புவதுதான் நியாயம்.

புனித நூலை வரலாற்றோடு வைத்துப் படி என்கிறார் ஒருவர். நான் புனிதமாக நினைப்பவற்றை, அது மதமோ கட்சியோ மொழியோ, அப்படிப் படிக்க நான் தயாரா? இல்லையென்றால் நான் கேட்டது உரையே இல்லை. ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்ட ஒரு வழக்குக்கு சாட்சி தேடியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. அவரைத் தோற்கடித்த அந்தக் குழுவில் ஓட்டு ஏழுக்கு ஆறு. அந்த ஆறு பேரும் எகிப்தியர்கள்தான். வழக்கைத் தள்ளிய முதல் நீதிமன்றமும் எகிப்துடையதுதான். மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குச் சில நாள் முன்பு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்ததும் அதே கெய்ரோ பல்கலைக்கழகம். கூடவே கிளம்பிப் போன இப்திஹாலும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான். "அரபு சமூகமே இப்படித்தான்" என்று நாம் முடிவுகட்டும்போது அழிந்துபோவது முதலில் இவர்கள்தான். அபூ ஸைத்தின் எதிரிகளும் அவரைத்தவிர மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பக்கம் என்றுதான் காட்ட விரும்பினார்கள். அந்த வேலையை அவர்களுக்காக நாமும் செய்துகொடுக்க வேண்டுமா?

2009 டிசம்பரில் அவரை உரையாற்ற குவைத்துக்கு அழைத்தார்கள். விமான நிலையத்திலேயே அவரைத் திருப்பி அனுப்பியது அரசு. ஏழு மாதம் கழித்து கெய்ரோவில் இறந்தார், பிறந்த கிராமத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரைத் தடுத்ததும் ஒரு அரபு அரசு, அவரைக் கேட்கக் கூப்பிட்டதும் அரபு மக்கள். அவர்களுக்கு அந்த உரை பக்கத்து வீட்டுக் கதை இல்லை, சொந்த வீட்டு விஷயம். கேட்டிருந்தால் அதற்கு அவர்கள் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும். தெரிந்துதான் அழைத்தார்கள்.