வீடு காக்கட்டும், கண் விலகட்டும்

குழந்தைக்கு வலிப்பு நோய் என்று தெரிந்த அன்றே அந்த வீட்டுக்குள் இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்கும். 'தலையெழுத்து, நாம் என்ன செய்ய முடியும்' என்பது ஒன்று. 'இனி இதை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது' என்பது மற்றொன்று. முதல் குரல் குழந்தையைத் தெய்வத்தின் பொறுப்பில் விடுகிறது. இரண்டாவது, தாயின் கண்களின் பொறுப்பில். கேட்க நேரெதிராக இருந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் கிடக்கிறது: ஆபத்து முழுவதும் குழந்தையின் உடலுக்குள் இருக்கிறது, ஆகவே வீடு இருந்தபடியே இருக்கலாம். இந்த எண்ணம் தவறு என்பது என் வாதம். வீட்டை மாற்றி அமைப்பது ஏதோ கொத்தனார், தச்சர் சமாச்சாரம்போலத் தோன்றும். ஒருவரைச் சிறை வைக்காமல் காப்பாற்றுவது எப்படி என்ற பழைய அறக்கேள்வி அதற்குள் இருக்கிறது. நல்ல வீடு காவல் வேலையில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொள்ளும். அந்த அளவுக்குக் குழந்தைமீது பதிந்த கண்கள் விலகலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள நாடுகளில் வாழ்கிறார்கள். சரியாகக் கண்டறிந்து சிகிச்சை கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். எனவே வேளை தவறாத மாத்திரைதான் முதல் பாதுகாப்பு. எந்தக் கட்டடமும் அதற்கு ஈடாகாது. ஆனால் மருந்து பிடிபடும் வரைக்கும், மருந்துக்கு முழுதாக அடங்காதவர்களுக்கு அதன் பிறகும், வலிப்பு வரத்தான் செய்யும். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாக அடங்கிவிடுகின்றன. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் குழந்தை எங்கே விழுந்து கிடக்கிறது என்பதுதான் கேள்வி. பாயில் விழுந்த குழந்தை களைத்து உறங்கி எழுந்துவிடும். அதே வலிப்பு நிரம்பிய தொட்டியின் விளிம்பில் வந்தால் கதை வேறு. வலிப்பு நோய் உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வலிப்பை உண்டாக்குவது மூளை. அதன் விளைவைப் பல நேரம் முடிவு செய்வது தண்ணீரும் தீயும் உயரமும் கூரான விளிம்பும்.

குளியலறைக் கதவைப் பார்த்தால் இது விளங்கும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் உள்பக்கமாகத் திறக்கும். குறுகலான அறைக்குள் விழுந்த குழந்தையின் உடலே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். வெளியே இருப்பவர் தள்ளத் தள்ள அது குழந்தையைத்தான் நசுக்கும். இதற்குப் பயந்து, 'கதவைச் சாத்தாமல் குளி' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆறு வயதில் அது சாதாரணம், பதின்மூன்று வயதில் அவமானம். கீலை மாற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்து, தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் ஒரு நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய பூட்டைப் போட்டால் குழந்தை கதவைச் சாத்திக்கொள்ளலாம். தொட்டியிலும் அண்டாவிலும் நீரை நிரப்பி வைக்காமல், வழுக்காத தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஷவரிலோ குழாயடியிலோ குளிக்கலாம். வெளியே ஒருவர் காதுகொடுத்தபடி தன் வேலையைப் பார்த்தால் போதும். கீசரின் சூட்டை 49 டிகிரிக்கு மேல் போகாமல் வைப்பதிலும் இதே கணக்குதான். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அந்த அவகாசத்தில் ஒருவர் எழுந்து ஓடிவந்துவிடலாம். இத்தனை மாற்றத்திலும் உயிர்ப் பாதுகாப்போடு சேர்ந்து குழந்தைக்குக் கிடைப்பது ஒரு சாத்திய கதவு. அதைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் வளர்ந்த பிறகு ஒரு நாளாவது திறந்த கதவோடு குளித்துப் பார்க்கட்டும்.

தீயின் விஷயம் இன்னும் நுட்பமானது. அது நம் வழிபாட்டோடு பிணைந்திருக்கிறது. மத்தேயு, மாற்கு நற்செய்திகளில் நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவரும் தகப்பன், அவன் தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்றுதான் முறையிடுகிறான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த முறையீட்டிலேயே நோயோடு வீட்டின் அடுப்பும் ஊரின் நீர்நிலையும் சேர்ந்து வருகின்றன. சமையலறைக்கு விடை எளிது: தரையடுப்பைத் தவிர்ப்பது, பின்பக்க பர்னரில் சமைப்பது, முடிந்தால் இண்டக்ஷன் அடுப்புக்கு மாறுவது. பூஜை அறைக்கு வரும்போதுதான் தடுமாற்றம். விளக்கேற்றும் வேலையிலிருந்து இந்தக் குழந்தையை விலக்குவதற்குத் தீப்பற்றும் பயம் காரணமாகச் சொல்லப்படும். அதன் பின்னால் தீட்டு என்ற எண்ணத்துக்கு நெருக்கமான ஒன்றும் ஒளிந்திருக்கலாம். பயம் மட்டும்தான் காரணம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. தரையில் நிற்கும் குத்துவிளக்குக்குப் பதிலாக, பழைய வீடுகளின் விளக்கு மாடத்தைப்போல சுவர்க்குழியில் கண்ணாடிக் கூண்டுக்குள் அகலை வைக்கலாம். குழந்தை பருத்தி உடை உடுத்தி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, தன் கையாலேயே திரியைப் பற்றவைக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் விலக்கினால், அந்த விலக்கலுக்குக் காரணம் தீ இல்லை என்பது தெரிந்துவிடும்.

இதெல்லாம் விதியோடு மல்லுக்கட்டுவது ஆகாதா என்று பக்தர் ஒருவர் கேட்கலாம். கேள்வி பழையது. ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும், ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய 'புனித நோய்' பற்றிய கிரேக்க நூல், வலிப்பு மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானது இல்லை, அதன் இடம் மூளை என்று வாதிடுகிறது. அந்த நூலாசிரியர் நாத்திகம் பேசவில்லை என்பது கவனிக்க வேண்டியது. மனித உடலைத் தெய்வம் மாசுபடுத்துகிறது என்று சொல்வதுதான் தெய்வ நிந்தனை என்பது அவர் கட்சி. நம் பக்கத்தில் திருக்குறள் 38-ஆம் அதிகாரத்தை ஊழுக்குக் கொடுத்துவிட்டு, 62-ஆம் அதிகாரத்தைத் தளராத முயற்சிக்குக் கொடுக்கிறது. ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிட முடியாது. வினைப்பயன் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்வோம்: நோய் வந்தது பழைய வினை என்றால், உள்பக்கம் திறக்கும் கதவை மாற்றாமல் விட்டது யாருடைய வினை? அது இன்றைய வினை, பெரியவர்களுடையது. விதியை நம்புகிறவருக்குத்தான் இன்று செய்யும் காரியத்தில் கூடுதல் பொறுப்பு இருக்க வேண்டும்.

இன்னும் வலுவான மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. உயிர் முதலில், தனிமையும் சுதந்திரமும் பிறகு. கண்காணிப்பைக் குறைக்கச் சொல்வது ஏட்டுச் சுரைக்காய் என்பது அது. கண்காணிப்புக்கும் வரம்பு உண்டு என்பதே என் முதல் பதில். கண் அயரும், சுவர் அயராது. காவல் என்ற பெயரில் கட்டிப்போடுவதே ஆபத்தாக முடிந்ததைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலியும் பாதுகாப்புக்கென்று சொல்லிப் போடப்பட்டதுதான். வீட்டில் யாரும் சங்கிலி போடுவதில்லை. ஆனால் மாடிக்குப் போகாதே, விளையாடப் போகாதே, தனியாக உட்காராதே என்ற தடைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் குழந்தை தன் உடலையே எதிரியாக நினைக்கப் பழகிவிடும். ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் அறிவு வளர்ச்சி குன்றியவர்களைப் பற்றி 1972-இல் எழுதியபோது, ஆபத்தை எதிர்கொள்வதிலும் ஒரு மாண்பு உண்டு, மிகையான பாதுகாப்பு அதைப் பறித்துவிடுகிறது என்றார். மொட்டை மாடிக்குப் பூட்டுப் போடுவதற்கும் அதன் கைப்பிடிச் சுவரை உயர்த்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். பூட்டு குழந்தையைத் தடுக்கிறது, சுவர் விழுவதைத் தடுக்கிறது.

இந்த மறுப்பில் உண்மையும் இருக்கிறது. இரவு அதைக் காட்டுகிறது. வலிப்பு நோயில் காரணம் புலப்படாத திடீர் மரணம் அரிதாக நிகழ்வது உண்டு. அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2017 வழிகாட்டுதல், குழந்தைகளில் அது ஆண்டுக்கு 4,500 பேரில் ஒருவருக்கு நேரலாம் என்கிறது. பெரும்பாலும் உறக்கத்தில் நிகழும் அந்த மரணத்தின் வாய்ப்பை, அருகில் ஒருவர் இருப்பது குறைக்கக்கூடும். அங்கே கதவும் கீலும் போதாது, ஆள் வேண்டும். தனி அறைதான் சுதந்திரம் என்ற புதுப் பழக்கத்தைவிட, கூடத்தில் பாய் விரித்துப் பாட்டியோடும் தம்பி தங்கைகளோடும் படுக்கும் பழைய வழக்கம் இங்கே மேலானது. தரையில் படுப்பவர் கட்டிலிலிருந்து விழவும் மாட்டார். என் வாதம் இதனால் சாய்ந்துவிடவில்லை. பகலில் வீடு எவ்வளவு வேலையைத் தாங்குகிறதோ, இரவில் விழித்துக்கொள்ள வேண்டியவருக்கு அவ்வளவு தெம்பு மிஞ்சும்.

வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்பது நியாயமான கேள்வி. கீலை மாற்றுவது, மேஜை முனைகளில் ரப்பர் ஒட்டுவது, இரவில் வாளியைக் கவிழ்த்து வைப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. சுவரை இடிக்கவும் வேண்டாம். மற்றவற்றுக்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், அதற்கு நோயைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் வீடே கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம் பொய்யில்லை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக இருந்தது. 1999-இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டம் மாறிய வேகத்தில் ஊரின் மனம் மாறவில்லை. ஆகவே இந்தப் பொறுப்பு ஒரு குடும்பத்தோடு நின்றுவிடக் கூடாது. அரசு கட்டித்தரும் தொகுப்பு வீடுகளில் குளியலறைக் கதவு தொடக்கத்திலேயே வெளிப்பக்கம் திறந்தால் எந்தத் தாயும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. அந்தக் கதவு வழுக்கி விழும் முதியவருக்கும் உதவும். வலிப்பு வரும் குழந்தைக்கென்று தனியாக ஒரு வீடு வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு நாள் விழக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு கட்டிய வீடு போதும். அப்படி ஒப்புக்கொள்வதைத்தான் பணிவு என்று எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. அதைப் பிரார்த்தனையில் காட்டுகிற நாம் கட்டடத்திலும் காட்டலாம்.