ஆலையூரின் மரபு எவருக்கு உரியது?

நாடு விட்டு நாடு வந்த ஒருவர் தொழில் தொடங்குகிறார். அதனைச் சுற்றி ஓர் ஊர் வளர்கிறது. நூறாண்டு சென்றபின் அவ்வூரின் மரபு எவருக்கு உரியது? தொடங்கியவருக்கா, உழைத்தவருக்கா?

நமது இலஞ்சிக்குத் தெற்கே, பொதிகை அடிவாரத்தில் விக்கிரமசிங்கபுரம் உள்ளது. ஸ்காட்லாந்துச் சகோதரர்களான ஆண்ட்ரூ ஹார்வியும் ஃபிராங்க் ஹார்வியும் 1880களில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு அங்கே, பாபநாசத்தில், நூற்பாலை நிறுவினர். சிற்றூர் ஆலையூராயிற்று.

இக்கேள்விக்கு ஐரோப்பியக் கண்ணாடித் தொழிலின் வரலாறு விளக்கம் தருகிறது. வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றியது; பின்னர், வித்தை வெளியேறலாகாது என்று கைவினைஞர் பிறநாடு செல்வதையும் தடுத்தது. இங்கிலாந்தோ, 1567இல் ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஜான் கரேக்கு உரிமம் வழங்கியபோது, உள்நாட்டாருக்கு அத்தொழிலைக் கற்பித்தல் வேண்டும் என நிபந்தனை விதித்தது. வித்தை ஓர் அமானிதம். கற்றவர் கையில் சேரும்போதே அது அந்த மண்ணுக்கு உரியதாகிறது.

பாபநாசத்திலும் இயந்திரங்கள் கப்பலில் வந்தன. அறுந்த இழையை நொடியில் பிணைக்கும் விரல்நுட்பமோ இவ்வூர் மக்களின் கைகளில் வளர்ந்தது. ஆலையின் பெயர் மதுரா மில்ஸ் என்றும், பின்னர் மதுரா கோட்ஸ் என்றும் மாறியது. தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் அங்கேயே இருந்தன.

தொடங்கியவருக்கு நன்றி கூறல் நம் கடமையே. ஆயின் அதே ஹார்வி நிறுவனத்தின் தூத்துக்குடிக் கோரல் மில்லில், 1908இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்திற்குப் பின்னரே தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர் என்பதையும் மறத்தலாகாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த நெறி நம்முடையது. அவர்தம் உழைப்பை நினைவுகூர்தலும் அக்கூலியின் ஒரு பகுதியே அன்றோ?

கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்று உழைத்த நம்மவரை அந்நகரம் மறந்துவிட்டால் நம் உள்ளம் நோகும். நமக்கு வேண்டும் நீதியைப் பிறர்க்கும் வழங்குவதே முறை. எனவே ஹார்வியின் பெயரைச் சொல்லுமிடத்தில், கதிர்களின் முன்னே நின்று ஆயுளைக் கழித்தோரின் பெயர்களையும் கேட்டறிவோம். அவர்தம் பிள்ளைகள் உள்ளபோதே எழுதி வைப்போம். காலங்கடந்தால் அந்தக் கடனைத் தீர்க்க வழியிராது.