பார்த்துவிட்டு வருவது உதவியாகுமா?

“நம்ம நாட்டுப் பேராசிரியர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வர்றாங்களே, அதனால அங்க உள்ளவங்களுக்கு என்ன லாபம் அண்ணே? டிக்கெட் காசை அப்படியே அனுப்பிட்டா நாலு புத்தகமாவது வாங்குவாங்கள்ல?”

ஈப்போவில் எங்கள் சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்டது இது. கேலியாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். போரில் அடிபட்ட ஓர் ஊருக்கு, அங்கே பணியாற்றும் சக ஆசிரியர்களைப் பார்க்கப் போவது தர்மமா, வெறும் சுற்றுலாவா? இதை நாம் நின்று யோசிக்க வேண்டும். இன்று அவர்கள் போகிறார்கள், நாளை உங்களில் சிலர் போவீர்கள்.

அந்த ஊர் பட்டதை முதலில் தெரிந்துகொள்வோம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. சர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் 1974இல் தொடங்கியது பல்கலைக்கழகம். வளாகத்துக்குள் இன்றும் சிவன் கோயில் இருக்கிறது. 1987 அக்டோபரில் அதே வளாகத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் வந்து இறங்கிச் சண்டை நடந்தது. அதன்பின் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் அருமையாகிப் போனதால் ஜாம் போத்தலில் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் மாணவர்கள் படித்தார்கள். 1995 அக்டோபர் 30 அன்று லட்சக்கணக்கானோர் ஊரையே விட்டு வெளியேறினார்கள். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பல்கலைக்கழகம் அழிந்துபோய்விடவில்லை. பாடம் எடுத்தார்கள், தேர்வு எழுதினார்கள், பட்டம் வாங்கினார்கள்.

நமக்கும் அவர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்தவர். அவர் முயற்சியில்தான் 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தபோது, கடைசி நாளில் போலீஸ் நடவடிக்கைக்கு இடையே மக்கள் உயிரிழந்தார்கள். அறிஞர்கள் கூடிப் பேசுவதே அந்த ஊரில் உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். காசு அனுப்புவது நல்லதுதான். ஆனால் காசு மட்டும் அனுப்பினால், “நான் கொடுப்பவன், நீ வாங்குபவன்” என்ற உறவு மட்டுமே மிஞ்சும். போரில் அடிபட்டவர்களின் வீடும் நூலகமும் மட்டும் போவதில்லை. “எனக்கும் பிறருக்குக் கற்றுக்கொடுக்க ஏதோ இருக்கு” என்ற நிமிர்வும் சேர்ந்து போய்விடுகிறது. அதைக் காசோலையில் எழுதி அனுப்ப முடியாது.

மகாபாரதத்தில் நமக்கு ஒரு வழி இருக்கிறது. குருக்ஷேத்திரப் போர் முடிந்தது. பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். கண்ணன் தருமரை அவரிடம் அழைத்துப் போகிறார். ஆறுதல் சொல்லவா? இல்லை, தர்மம் கேட்க! உடல் முழுக்கக் காயம், பேசத் தெம்பில்லை என்கிறார் பீஷ்மர். கண்ணன் முதலில் அந்த வலியைப் போக்குகிறார். அதன் பிறகுதான் தருமர் கேட்கத் தொடங்குகிறார். சாந்தி பர்வமும் அனுசாசன பர்வமும் அப்படிப் பிறந்தவைதான். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வலிக்கு மருந்து, அடுத்து பாடம். மருந்தோடு நின்றிருந்தால் பீஷ்மர் ஒரு நோயாளி. பாடம் கேட்டதால்தான் அவர் கடைசிவரை ஆசிரியர்.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. பட்டணத்திலிருந்து குழு குழுவாக வருவார்கள். அரிசி, மைலோ கொடுப்பார்கள், பேனர் பிடித்துப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். பாட்டி வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார். ஒருமுறை ஒரு மாணவி மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவணும், மழை வந்தா என்ன பண்ணுவீங்க என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அரிசி கொடுத்தவர்கள் யாரையும் பாட்டிக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பெண்ணை மட்டும் கடைசிவரை, “எங்கிட்ட படிக்க வந்த புள்ள” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிலர் மனதில் இன்னொரு கேள்வியும் இருக்கும். தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவர்களில் யாழ்ப்பாணத்தார் பலர். மரம் சீவியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். “அப்ப அவங்க நம்மள மதிச்சாங்களா? இப்ப நாம ஏன் போகணும்?” அந்த மனக்கசப்பில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நட்புக்கு வள்ளுவர் சொன்ன உவமையை நினைத்துப் பாருங்கள். இடுப்பு ஆடை நழுவும்போது கை கணக்குப் பார்ப்பதில்லை, தானாக ஓடிப் போய்ப் பிடிக்கிறது. அதோடு, கிராணியின் திமிருக்கு ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்?

ஆனால் போகிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு. போகிறவரின் பையில் ரிட்டன் டிக்கெட் இருக்கிறது. அங்கே இருப்பவரிடம் அது இல்லை. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ராஜினி திராணகம. இங்கிலாந்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். சக ஆசிரியர்கள் மூவருடன் சேர்ந்து ‘முறிந்த பனை’ நூலை எழுதியவர். எந்தத் தரப்பின் கொடுமையையும் மறைக்காமல் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் 2009இல் முடிந்தது. 2021 ஜனவரியில் வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவிடம் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில் மைக்கைப் பிடித்து வீரவசனம் பேசிவிட்டு நாம் விமானம் ஏறிவிடலாம், அதன் விளைவு வீட்டுக்காரர் தலையில் விழும். ஆகவே அங்கே என்ன பேசலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்ல விரும்பி, சொல்ல முடியாததை, அவர்கள் சம்மதத்தோடு இங்கே வந்து சொல்லலாம்.

அப்படியென்றால் தம்பிக்கு என் பதில் இது. பார்க்க மட்டும் போவதென்றால் போக வேண்டாம், காசை அனுப்புவதே மேல். கேட்கப் போவதென்றால் அவசியம் போகலாம். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறீர்களா? யாழ்ப்பாணத்து ஆசிரியர்தான் பதில் சொல்ல முடியும் என்ற ஒரு கேள்வியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பே, இங்கிருந்தே தொடங்கலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் ‘நூலகம்’ 2005இல் தொடங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. நூலகத்தைத் தீயில் இழந்த சமூகம் இன்று உலகத்துக்கே நூல் கொடுக்கிறது. அதில் படித்துவிட்டு, எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

துக்க வீட்டில் “போயிட்டு வர்றேன்” என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். பல்கலைக்கழகம் துக்க வீடு இல்லை. அங்கே அதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொன்னபடி அடுத்த ஆண்டும் போக வேண்டும்.