இரு நகரங்களும் ஒரு கேள்வியும்

நகரம் ஒன்றை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? கட்டடங்களின் உயரத்தைக் கொண்டா? வீதிகளின் வனப்பைக் கொண்டா? கடைத்தெருவில் நாள்தோறும் கைமாறும் பணத்தைக் கொண்டா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது ரசனை பற்றிய கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் இது அறம் பற்றிய கேள்வி என்பதே நமது துணிபு.

கண்டிக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில், உயர்தர வகுப்பு மாணவரிடையே விவாதமொன்றை நடத்தினோம். “வாழ்வதற்குச் சிறந்த நகரம் கண்டியா, கொழும்பா?” என்பது பொருள். கண்டியின் பக்கம் நின்றோர் வாவியையும் தலதா மாளிகையையும் எசல பெரஹராவையும் எடுத்துக்காட்டினர். 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றதை நினைவூட்டினர். கொழும்பின் பக்கம் நின்றோர் துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் காலிமுகத்திடலையும் கூறி, 356 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்தில் கொண்டுபோய் முடித்தனர். இரு சாராருக்கும் கைதட்டல் குறைவின்றிக் கிடைத்தது.

சபையோர் கருத்துக் கூறும் வேளை வந்தபோது, தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், எங்க அண்ணன் மொதல்ல கண்டியில கடையில நின்னாரு. இப்ப கொழும்புல கடையில நிக்கிறாரு. ரெண்டு எடத்துலயும் கடைக்கு மேல்மாடியிலதான் படுக்கிறாரு. அவருக்கு ரெண்டும் ஒரே ஊருதான் சேர்” என்றாள். எவரும் கைதட்டவில்லை. அவள் அமர்ந்துவிட்டாள். ஆனால் விவாதத்தின் தலைப்பை வகுத்த நமக்கு அச்சொற்கள் பல நாட்கள் உறக்கத்தைக் கெடுத்தன.

இரு நகரங்களும் ஒன்றல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். அவற்றிடையே ஏறத்தாழ 115 கிலோமீற்றர் பாதையே உள்ளது. ஆயினும் வரலாறு அவற்றை இரு வேறு உலைகளில் வார்த்தெடுத்தது. கொழும்பு, கடலை நோக்கி வளர்ந்த நகரம். போர்த்துக்கேயர், 1656இல் ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயர் என அடுத்தடுத்து வந்த அந்நியர் அதனைத் தத்தம் வாணிபத்திற்கேற்ப இடித்தும் கட்டியும் வந்தனர். கண்டியோ மலைகளுக்குள் ஒதுங்கி, 1815 வரை தன் முடியைக் காத்த நகரம். அங்கே அரண்மனையும் ஆலயமும் நடுவில் அமைய, வீதிகள் அவற்றிலிருந்து பிரிந்து சென்றன. இன்றும் கண்டியின் நடுவில் நிற்பது மாளிகை. கொழும்பின் நடுவில் நிற்பது சந்தை.

இவ்வேறுபாடு நகரத்தாரின் நடையுடை பாவனையிலும் படிந்திருக்கிறது. கண்டி, ஒருவரைக் கண்டதும் அவர் யார், எவ்வூரார், எக்குடியினர் என அறிய விழையும் நகரம். அறிந்தபின் அவருக்குரிய இடத்தைக் காட்டும். அவ்விடத்தை விட்டு அவர் நகர்வதை எளிதில் விரும்பாது. நிலமானிய சமுதாயம் விட்டுச் சென்ற பழக்கம் இது. கொழும்பு எவரையும் யாரென்று கேட்பதில்லை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமியின் ஊரையும் பெயரையும் எவர் அறிவர்? கேட்காமையில் ஒரு விடுதலை உண்டு. அதே கேட்காமையில், அவர் ஒருநாள் வராது போனாலும் எவரும் தேடமாட்டார் என்ற கொடுமையும் உண்டு.

இவ்விரண்டில் எது மேல்? முற்போக்காளர் சிலர் தயக்கமின்றிக் கொழும்பே என்பர். அவர்களது கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. பல ஊரார் பெயரறியாது கூடும் நகரத்திலேதான் தொழிலாளி தன் பக்கத்தில் நிற்பவனைத் தொழிலாளி என அடையாளங் கண்டான். 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தமும், 1929ஆம் ஆண்டின் டிராம் வண்டித் தொழிலாளர் போராட்டமும் கொழும்பு வீதிகளிலேதான் நிகழ்ந்தன. அரிசி விலையுயர்வுக்கு எதிராக 1953 ஓகஸ்ட் 12இல் எழுந்த ஹர்த்தாலும் அந்நகரையும் மேற்குக் கரையோரத்தையுமே பெரிதும் உலுக்கியது. வேறு சிலர் கண்டியின் பக்கம் நிற்பர். அதன் பெரஹராவிலே நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் ஒருங்கே செல்வதையும், நமது கண்ணகியும் முருகனும் சிங்கள மக்களின் தெய்வங்களாய் அங்கே உலாவருவதையும் அவர்கள் காட்டுவர். சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியது இக்கண்டியிலிருந்துதான் என்பதையும் மறவார். இவையும் உண்மையே.

ஆயினும் இவ்வாறு வரவு வைத்துக்கொண்டே போவதில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. இரு நகரங்களையும் தனித்தனிப் பொருள்களாக நிறுத்திவிட்டு, அவற்றை இணைக்கும் கயிற்றை நாம் மறந்துவிடுகிறோம்.

அக்கயிறு எது? 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு-கண்டி வீதி அமைந்தது. படையை ஏற்றுவதற்கென வகுக்கப்பட்ட அவ்வழியாகப் பின்னர் கோப்பி இறங்கியது. மாட்டுவண்டி போதாதென்று 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். இலைநோயால் கோப்பி அழிந்தபின் மலையெங்கும் தேயிலை படர்ந்தது. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1883இல் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது. இவ்வாண்டுகளை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். கொழும்பின் துறைமுகச் செழிப்பும் கண்டிக் கடைவீதியின் செழிப்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது புலனாகும். அவ்வேருக்கு நீர் வார்த்தவர், தலைமன்னாரில் கரையேறிக் காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்து, வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் போக எஞ்சிய தென்னிந்தியத் தமிழுழைப்பாளரே. தமிழகத்துக் கிராமங்களில் இந்நாட்டுக்கே ‘கண்டிச் சீமை’ என்று பெயர் வழங்கியது. வந்தவரோ கண்டி நகரைக் காணவில்லை. லயத்தையும் பெரட்டுக் களத்தையும் கண்டனர்.

இங்கேதான் நமது கேள்வி கூர்மை அடைகிறது. பழைய கண்டி ஒருவருக்கு இடமளித்துக் கட்டிவைக்கும்; புதிய கொழும்பு இடமளிக்காது அவிழ்த்துவிடும் என்றோம். மலையகத் தொழிலாளிக்கு முதலாவதும் வாய்க்கவில்லை, இரண்டாவதும் வாய்க்கவில்லை. கண்டிச் சமுதாயத்தின் படிநிலையில் அவருக்கு ஒரு படியும் ஒதுக்கப்படவில்லை. கொழும்பில் கூடிய சட்டமன்றமோ 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவரை நாடற்றவராக்கியது. அவர் கொய்த தேயிலை தடையின்றி ஏலத்துக்கு இறங்கிற்று. அவருக்கோ வாக்குச்சீட்டும் இல்லாது போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளைக்கென ஒத்திவைக்கப்பட்டது. தலைமன்னார் செல்லும் புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். இவர்களைக் குறித்து வாவியின் அழகைப் பேசுவோர் என்ன கூறுவர்? கோபுரத்தின் உயரத்தைப் பேசுவோர்தாம் என்ன கூறுவர்?

கல்வியின் வரலாறும் இதையே காட்டுகிறது. இலங்கைக்கு முழுமையான பல்கலைக்கழகம் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்த காலத்தில், அது கொழும்பில் அமைவதா, கண்டிப் பகுதியில் அமைவதா என்ற சர்ச்சை 1920களில் மூண்டது. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன கண்டிக்காகப் பேரியக்கமே நடத்தினார். தலைநகரின் சந்தடி மாணவரைக் கெடுக்கும், மலையின் அமைதி அவர்களைப் பண்படுத்தும் என்று ஒரு சாரார் வாதித்தனர். நகர வாழ்வினின்று பிரிந்த கல்வி உயிரற்றது என்று மறுசாரார் கூறினர். 1942இல் கொழும்பில் பிறந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 அளவில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பேராசிரியர் வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை அரங்கேற்றியதும், சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ திறந்தவெளி அரங்கில் ஒலித்ததும் நம் பண்பாட்டுக்குக் கிடைத்த பேறுகள். நாமும் அம்மரநிழலிற் பயின்றவர்களே, நன்றி மறக்கவில்லை.

ஆனால் அச்சர்ச்சையில் எவரும் எழுப்பாத கேள்வி ஒன்றுண்டு. ஹந்தானைச் சரிவுகளில் கொழுந்து பறிப்பவரின் பிள்ளை, அம்மலையின் அடிவாரத்திலுள்ள விரிவுரை மண்டபத்தை அடைய எத்தனை தலைமுறை செல்லும்? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். பல்கலைக்கழகம் நகருக்கு அருகிலா, மலைக்கு அருகிலா என்று வாதிட்டவர்கள், அது யாருக்கு அருகில் என்று கேட்கத் தவறினர். நமது விவாதத் தலைப்பும் அதே தவற்றையே செய்தது.

இரு நகரங்களும் தத்தம் பெருமையைப் பேசும்போது நாணித் தலைகுனிய வேண்டிய நாட்களும் உண்டு. 1915 மே மாத இறுதியில் கண்டியின் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்புக் கலவரம் சில நாட்களில் கொழும்புக்கு இறங்கியது. 1983 ஜூலையில் கொழும்பின் பொரளையில் மூண்ட தீ கண்டிக்கு ஏறியது. இரு நகரங்களிலும் தமிழர் கடைகள் சாம்பலாயின. 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியிலும், 1998 ஜனவரியில் கண்டித் தலதா மாளிகை வாயிலிலும் விடுதலைப் புலிகளின் குண்டுகள் குற்றமற்ற எளியோரைக் கொன்றன. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மரபு நிறைந்த நகரம் என்பதால் கண்டி காக்கப்படவில்லை. உலகம் கூடும் நகரம் என்பதால் கொழும்பும் காக்கப்படவில்லை. மரபாயினும் நாகரிகமாயினும், பக்கத்துக் கடைக்காரனை மனிதனாகக் காணக் கற்பிக்காவிடில் அது வெறும் அலங்காரமே.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடுவதே வீண் என்று முடிக்கலாமா? அந்த மாணவியின் சொல்லை அவ்வாறு கொள்வது சோம்பலாகும். அவள் நகரங்களை ஒப்பிடவேண்டாம் என்று சொல்லவில்லை. அளவுகோலை மாற்று என்றாள். விடியற்காலையில் வெறுங்கையுடன் குட்ஷெட் பஸ் நிலையத்திலோ கோட்டைப் புகையிரத நிலையத்திலோ வந்திறங்கும் ஒருவருக்கு, இந்நகரம் என்ன வைத்திருக்கிறது? உழைப்புக்கு ஏற்ற கூலி உண்டா? படுக்க ஓர் அறை உண்டா? தன் மொழியில் ஒரு படிவத்தை நிரப்பவும் முறைப்பாடு எழுதவும் முடியுமா? விடுமுறை நாளிலே வாவிக்கரையிலோ கடற்கரையிலோ எவர் முகத்துக்கும் அஞ்சாது அமர முடியுமா? இக்கேள்விகளுக்குக் கண்டி ஒரு விடையும் கொழும்பு ஒரு விடையும் தரலாம். அவ்விடைகளை ஒப்பிடுவதில் பயனுண்டு.

இவ்வளவுகோல் வெறுங்கனவு அன்று. 2018 ஒக்டோபர் 24ஆம் நாள், ஆயிரக்கணக்கான மலையக இளைஞர் கறுப்புடை அணிந்து கொழும்புக் காலிமுகத்திடலில் ஒன்றுகூடினர். தோட்டத் தொழிலாளருக்கு நாட்கூலி 1,000 ரூபா வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. அவர்களிற் பலர் கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்பவர். தமக்காக அல்ல, மலையிலுள்ள தாய்மாருக்காக நின்றனர். மலையின் துயரம் கொழும்பின் திடலிலே வாய்திறந்தது. இரு நகரங்களையும் இணைத்த பழைய கயிறு அன்று எதிர்த்திசையில் இழுக்கப்பட்டது. 1,000 ரூபா என்ற அக்கூலி வர்த்தமானியில் வெளிவர 2021 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும், அதற்குள் விலைவாசி அதனை விழுங்கிவிட்டது என்பதையும் நாம் மறைக்கவில்லை. எனினும் அந்நாளில், கடைக்கு மேல்மாடியில் படுப்பவர்கள் தலைநகரின் நடுத்திடலில் தம் பெயரால் நின்றனர்.

ஆசிரியர்களாகிய நாம் மாணவருக்குத் தலைப்புகளை வழங்குகிறோம். தலைப்பை வகுப்பவரே பாதி விடையை வகுத்துவிடுகிறார் என்பதை அன்று அறிந்தோம். அடுத்த தவணையில் அவ்விவாதத்தை மீண்டும் நடத்தவிருக்கிறோம். “கண்டியையும் கொழும்பையும் கட்டியவர்க்கு அந்நகரங்களில் உள்ள உரிமை யாது?” என்பது இம்முறை பொருள். முதற் பேச்சாளர் யாரென்பதில் நமக்கு ஐயமில்லை. அவள் தன் அண்ணனிடம் கேட்டுக் குறிப்புகள் எழுதிவரத் தொடங்கிவிட்டாள்.