பார்த்து வைக்கும் அடி



அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்தின் பாலைநிலத்தில் ஹார்ஸ்ஷூ கேன்யன் எனும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு உள்ளது. 1971-ஆம் ஆண்டில் அது கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுடன் இணைக்கப்பெற்றது. மண்சாலை முடிவிலிருந்து இறங்கி, போக வர ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடப்போர், மணற்பாறைச் சுவரில் ஆளுயரத்தினும் மிக்க செந்நிற உருவங்களைக் காண்பர். பன்னூறாண்டுகட்கு முன் அவற்றைத் தீட்டியோரின் பெயரை எவரும் அறியார்.

அவ்வோவியங்களைத் தொடலாகாது, கையின் எண்ணெய்ப்பசை அவற்றைக் கெடுக்கும். இதனை யாவரும் எளிதில் ஏற்பர். ஆயின் காலடி மண்ணை நினைப்பவர் சிலரே. அப்பாலையில் கருத்துத் தோன்றும் மேற்பரப்பு வெறும் மண்ணன்று. நுண்ணுயிர்களும் பாசிகளும் பின்னிய உயிர்ப்படலம். மணல் பறவாமல் காப்பது அதுவே. ஒருவர் மிதித்து நொறுங்கினால், அது மீளப் பல பத்தாண்டுகளும் ஆகலாம். ஆதலின் பாதையை விட்டு விலகலாகாது என்பது அங்குள்ள விதி.

நமக்கு இது புதிதன்று. மண்ணையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பது ஜினாகமம். நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியே நம் முனிவர் அடிவைப்பர். அதுவே ஈர்யா சமிதி. கவனமின்மையாகிய பிரமாதமே இம்சைக்கு வாயில்.

முன்னோர் நோற்ற மலைக்குகைகளுக்கு நாமும் யாத்திரை செல்கிறோம். கற்படுக்கையை வணங்க விரையும் கால், வழியிலுள்ள எறும்புச் சாரையை மிதிக்குமாயின் அவ்வணக்கத்தால் யாது பயன்? குகையில் குவியும் கைகளுக்கு முன்னே, வழியில் நம் கண்கள் தாழட்டும்.

ஜினதருமம் வளர்க!