பணிவு யாருக்கு உரியது?

பெருமை என்பது தன் தகுதியைத் தானே அறிந்து, அதற்குரிய மதிப்பை உலகினிடம் கேட்டுப் பெறுவது என்று பழங்காலக் கிரேக்கர் பலர் கருதினர். அரிஸ்டாட்டில் தம் அறநூலில் பெருந்தகையாளன் ஒருவனை வரைந்து காட்டுகிறார். அவன் பெருஞ்சிறப்புகளுக்குத் தகுதி உடையவன். அத்தகுதி தனக்கு உண்டு என்று உணர்ந்தவன். பிறர்க்கு உதவுவதில் மகிழ்வான்; பிறரிடம் உதவி பெறவோ நாணுவான். அவன் நடை மெதுவானது, குரல் ஆழ்ந்தது. இவ்வோவியத்தை எளிதில் பழித்துவிட முடியாது. தகுதியின்றித் தருக்குபவனை அரிஸ்டாட்டிலும் ஏற்பதில்லை. ஆயினும், இந்த மனிதன் குனிந்து ஒரு வேலை செய்வதைக் கற்பனை செய்து பார்ப்பது கடினமாக இருக்கிறது.

அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எருசலேம் நகரில் ஓர் இரவு உணவு நடைபெற்றது. இயேசு பெருமான் தம் சீடர் பன்னிருவரோடு அமர்ந்து உண்ட கடைசி உணவு அது. அவ்விரவில் அப்பமும் திராட்சை இரசமும் பகிர்ந்தளிக்கப்பட்டதை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் எழுதினர். யோவான் அதை விடுத்து வேறொன்றை எழுதினார். ஆசான் எழுந்தார்; மேலாடையைக் கழற்றி வைத்தார்; இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார்; பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடரின் கால்களைக் கழுவித் துடைத்தார். சற்று நேரத்தில் அவரைக் காட்டிக்கொடுக்க எழுந்து போன யூதாசின் கால்களும் அவற்றுள் அடங்கும். புழுதி வழியில் நடந்து வந்தோர்க்குக் கால் கழுவுதல் அந்நாளில் வீட்டு வேலையாளின் பணி. அவ்வறையில் வேலையாள் இருந்ததாகத் தெரியவில்லை. பன்னிருவருள்ளும் ஒருவர் எழவில்லை. ஏன்? லூக்கா தரும் ஒரு குறிப்பை இதனோடு சேர்த்துப் படித்தால் காரணம் விளங்கும். தம்முள் யார் பெரியவர் என்னும் வாதம் அதே உணவு வேளையில் எழுந்ததாம்! அவ்வாறு வாதிடுகின்றவன் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடிப் போவானா?

அவ்வாதம் புதியதும் அன்று. அதற்கு முன்னரே செபதேயுவின் மக்கள் இருவர் ஆட்சி வரும்போது வலப்புறத்து இருக்கையும் இடப்புறத்து இருக்கையும் தமக்கு வேண்டும் எனக் கேட்டிருந்தனர். மாற்கு அப்படித்தான் எழுதுகிறார். மத்தேயுவோ, கேட்டவர் அவர்களுடைய தாய் என்கிறார். (பிள்ளைகளின் பதவிக்காகத் தாய் வழக்காடுவது எந்த நாட்டுக்கும் புதுமை அன்று.) ஏனைய பதின்மரும் சினந்தனர். அதனை அறச்சீற்றம் என்று சொல்வதற்கில்லை. கேட்க நினைத்ததை வேறொருவர் முந்திக் கேட்டுவிட்டாரே என்ற புழுக்கமாகவே தோன்றுகிறது. பெரியவனாக விரும்புகிறவன் தொண்டனாக இருக்கட்டும் என்னும் பொருள்பட இயேசு பேசியது அவர்களிடத்தில்தான்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பணிவைப் பற்றிய அறிவுரை முதலிடத்தை நாடியவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. தொழுநோயாளரிடமோ பிச்சையெடுத்த பார்வையற்றவரிடமோ அவர் இன்னும் தாழ்ந்து போ என்று கூறவில்லை. 18 ஆண்டுகளாகக் கூனிப்போய் நிமிர முடியாதிருந்த ஒரு பெண்ணைத் தொழுகைக் கூடத்தில் அழைத்து, ஓய்வுநாள் என்றும் பாராமல், நிமிர்ந்து நிற்கச் செய்தார். குனியச் சொன்னது உயர நின்றவரை. நிமிரச் செய்தது குனிந்து கிடந்தவரை.

பிற்கால வரலாறு இவ்விரண்டையும் இடம் மாற்றிவிட்டது. 1807ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு விவிலியத் தொகுப்பு அச்சிடப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கென்று ஆக்கப்பட்டது அது. இசுரயேல் மக்கள் எகிப்தின் அடிமைத்தளையை உடைத்து வெளியேறிய வரலாறு அதில் நீக்கப்பட்டிருந்தது. அடிமைகள் தலைவர்க்குக் கீழ்ப்படிக என்னும் பகுதி நீக்கப்படவில்லை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், சமயப் பற்று மிகுந்த எசமானரே கொடுமையில் விஞ்சினர் என்று எழுதினார். கிறிஸ்துவின் சமயத்தையும் அடிமை உடையோரின் சமயத்தையும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டினார். பணிவு அடிமை மனத்தினரின் படைப்பு என்று 1887இல் நீட்சே சாடியபோது பலர் வெகுண்டனர். அடிமைக்குப் பணிவைப் போதித்தவர் எசமானரே என்பதை நோக்க, அவர் வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது எனலாம்.

பணிவு பட்டமாகவும் மாறியது. 590இல் திருத்தந்தையான முதலாம் கிரகோரி, இறைவனுடைய ஊழியர்க்கெல்லாம் ஊழியன் என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அதே பெயரைத் தாங்கிய ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்பு வேண்டி, 1077 சனவரியில் கனோசாக் கோட்டைக்கு வெளியே பனியில் நான்காம் என்றி மன்னன் மூன்று நாள் காத்து நின்றான். இங்கிலாந்து மன்னர்கள் பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைக் கழுவும் வழக்கம் கொண்டிருந்தனர். முதலாம் எலிசபெத்து அரசியார் கழுவுமுன், அக்கால்களை அரண்மனைப் பணியாளர் வெந்நீராலும் நறுமலர்களாலும் தூய்மை செய்துவிடுவர். பின்னர்க் கழுவுதலும் நின்றது. வெள்ளிக்காசு வழங்குதல் மட்டும் நிலைத்தது. சடங்கு முழுவதும் பொய் என்று தள்ளிவிடுதலும் நேர்மை ஆகாது. 2013இல் திருத்தந்தை பிரான்சிசு உரோமையில் ஓர் இளையோர் சிறைக்குச் சென்று பன்னிருவரின் கால்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இருந்தனர், இசுலாமியரும் இருந்தனர். சடங்கு பழையதே, செய்யப்பட்ட இடம் அதற்கு உயிர் கொடுத்தது.

ஆயின் அன்றாடத் தலைமைக்கு ஆண்டுக்கு ஒரு நாள் குனிவது போதாது. மோசேயின் வரலாற்றில் இதற்குத் தெளிவான காட்சி உண்டு. மண்ணுலகில் அவரைப்போல் சாந்தம் மிக்கவர் இல்லை என்று விவிலியம் அவரைப் போற்றுகிறது. பார்வோன் முன் நின்று வாதாடியவரும் அவரே. ஆகவே பணிவு கோழைமை ஆகாது. பாலைவனத்தில் அவர் காலை முதல் மாலை வரை தனியே அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்து வந்தார். அதனைக் கண்ட மாமனார் எத்திரோ, இது முறையன்று, நீரும் களைத்துப் போவீர், மக்களும் களைத்துப் போவர் என்று எடுத்துரைத்தார். ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை அமர்த்தும் வழியையும் சொன்னார். எத்திரோ மிதியான் நாட்டுக் குரு. வந்து ஒரு நாள் ஆன விருந்தினர். கடல் பிளக்கக் கண்ட தலைவர் அச்சொல்லைக் கேட்டு அவ்வாறே செய்தார். மறுத்ததாகவோ தயங்கியதாகவோ ஒரு சொல்லும் அங்கு இல்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான தலைமைகள் தடுமாறுகின்றன. பள்ளி விழாவில் நாற்காலி தூக்கிப் போடும் தலைமையாசிரியர் உண்டு. அவரே, கால அட்டவணையில் பிழை உள்ளது என்று இளைய ஆசிரியை சுட்டினால் முகம் சுளிப்பார். விருந்தில் தாமே பரிமாறும் சங்கத் தலைவர் உண்டு. கணக்கைக் காட்டுங்கள் என்றால் பகைமை கொள்வார். கொடுப்பதில் இவர்களுக்குத் தடையில்லை. பெறுவதில்தான் தடை. பேதுருவும் அன்றிரவு தம் கால்களை நீட்ட மறுத்தார். அது மரியாதை போலத் தோன்றினும், ஆசான் அதனை ஏற்கவில்லை. கழுவ விடாவிடில் தம்மோடு பங்கில்லை எனும் அளவுக்குக் கண்டித்தார். உதவி பெற நாணும் அரிஸ்டாட்டிலின் பெருந்தகையாளன் அங்கு இருந்திருந்தால் அவனும் காலை இழுத்துக்கொண்டிருப்பான்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவியர்க்கு ஒழுங்குநூல் வகுத்த புனித பெனடிக்ட் மனித இயல்பை நன்கு அறிந்தவர். முக்கியமான காரியம் எதுவாயினும் மடத்தலைவர் அனைவரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்றார். நல்வழியை இறைவன் பலமுறை இளையவர்க்கே காட்டுகிறார் என்பது அவர் கூறிய காரணம். முடிவு தலைவருடையது; கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. அடுக்களை வேலையை வாரமுறையில் துறவியர் மாறி மாறிச் செய்தனர். சனிக்கிழமையன்று முறை முடிப்பவரும் முறை ஏற்பவரும் சேர்ந்து அனைவரின் கால்களையும் கழுவுவர். பின்னர், முறை முடிப்பவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைத் தேய்த்து, ஒன்றும் குறையாமல் பண்டகக் காப்பாளரிடம் ஒப்படைப்பார். அவர் அவற்றைச் சரிபார்த்து, அடுத்த வாரத்துக்குரியவரிடம் கொடுப்பார்.